துர்ஸுன் கடித்த ரொட்டி

புதன்கிழமை காலை பத்து மணிக்கு அந்த மூன்றாம் மாடி அறையில் இருந்தவர்கள்: வெளிநாட்டுக் கம்பெனியிடமிருந்து கணினி விளையாட்டைப் பிடித்துவந்து உஸ்பெக் மொழியில் மாற்றித் தரும் மிர்ஜலோல், படங்கள் செய்யும் ரோமா கிம், தரை துடைக்கும் ஹோஸியத், வசனம் எழுதும் சனோபர். இருந்திருக்க வேண்டியது இன்னொன்று உண்டு. ஜன்னலோர மேசையில் விரித்த வெள்ளைத் துணியின்மேல் ஒரு ரொட்டி. துணி இருந்தது. ரொட்டி இல்லை.

"யாரு எடுத்தது?" என்றாள் சனோபர்.

ரோமா மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தான். மிர்ஜலோல் தேநீர்க் கிண்ணத்தை வாய்க்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு நின்றான். ஹோஸியத் மட்டும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, நல்ல காரியம் செய்தவளின் முகத்தோடு முன்னால் வந்தாள்.

"அந்தக் காஞ்ச ரொட்டியா கண்ணு? நாந்தான் எடுத்தேன். குப்புறக் கெடந்துச்சு. ரொட்டியக் குப்புறப் போடலாமா, பாவம் இல்லையா? மனசு கேக்கல. கண்ணுல ஒத்திக்கிட்டு, வெந்நீர்ல ஊறவச்சு, மொட்டமாடியில புறாவுக்குப் போட்டேன். ஒரு துணுக்கு மிச்சம் வைக்கல. புண்ணியம் உங்களுக்குத்தான்."

குப்புறப் போட்டவன் ரோமா. முந்தின நாள் சாயங்காலம் ரொட்டியின் அடிப்பக்கத்தைப் படம் பிடித்துவிட்டு அப்படியே விட்டுப் போயிருந்தான். அவன் காது சிவந்தது.

"பெரியம்மா, அதுல கடிச்ச தடம் இருந்துச்சே, பாக்கலையா?" என்று மிர்ஜலோல் கேட்டான்.

"இருந்துச்சு. யாரோ கடிச்சிட்டுப் போட்டுட்டீங்கன்னு நெனச்சேன். இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு ரொட்டியோட அருமை எங்க தெரியுது." சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. கையை வாயில் வைத்தாள். "ஐயோ. யாரோட ரொட்டிம்மா அது?"

"எங்கண்ணனோடது" என்றாள் சனோபர்.

துர்ஸுன் மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு மார்ச் மாதம் கட்டட வேலைக்கு ரஷ்யா போனான். புறப்படும் காலையில் அம்மா சுட்ட ரொட்டியில் ஒரு வாய் கடித்து, மிச்சத்தை அவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனான். தூரம் போகிறவன் அப்படித்தான் செய்வான். மிச்சத்தை அவன்தான் வந்து தின்ன வேண்டும். அதுவரை அது சுவரில் தொங்கும். எட்டு மாதம் ஞாயிறுதோறும் பேசினான். ஒன்பதாவது மாதம் அவனுடைய தொலைபேசி அணைந்தது. கூட வேலை பார்த்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். வேறு ஊருக்குப் போனான் என்றான் ஒருவன். எவளோடோ குடித்தனம் என்றான் இன்னொருவன். மூன்றாமவன் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனான். சனோபர் அந்த மூன்றாமவனைத்தான் நம்பினாள். அம்மா யாரையும் நம்பவில்லை. ரொட்டி பூசணம் பிடிக்கவில்லை, எலி தொடவில்லை, உதிரவில்லை. ஆகவே பிள்ளை இருக்கிறான். அம்மா எனஹானுக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

அந்தச் சாட்சியைத்தான் மகள் ஆணியிலிருந்து கழற்றி, பையில் போட்டு, தாஷ்கண்டுக்கு வேனில் கொண்டுவந்திருந்தாள்.

ஏன் கொண்டுவந்தாள் என்றால், வேலைக்காக. அதைத் தவிர வேறு நல்ல காரணம் எதுவும் அவளிடம் இல்லை. விளையாட்டில் ஆடுகிறவன் ஆளில்லாத ஊர் ஒன்றில் காணாமல் போனவனைத் தேடிப் பனிமூட்டத்துக்குள் போகிறான். போகுமுன் வீட்டில் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவைக்கிறான். வழியில் செத்தால் அந்த மெழுகுவத்தியின் முன்னால் மறுபடி எழுந்து நிற்பான். முதல் நாளே மிர்ஜலோல் தலையில் கைவைத்தான். "மெழுகுவத்திய கல்லறையிலதானே ஏத்துவோம்? வீட்டுல ஏத்தினா ஆள் செத்துட்டான்னு அர்த்தம். நம்ம பசங்க ஆட்டம் தொடங்கறதுக்கு முன்னாடியே முடிஞ்சிருச்சுன்னு நெனச்சுக்குவானுங்க." மெழுகுவத்தியை எடுத்துவிட்டுக் கடித்த ரொட்டியை வைக்கலாம் என்று சொன்னவள் சனோபர். கம்பெனிக்காரர்கள் அதில் மயங்கிப்போனார்கள். படத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள் என்று எழுதினார்கள். மெழுகுவத்திக்குப் பக்கத்தில் போனால் திரி பொரியும் சத்தம் கேட்கும். அதற்குப் பதிலாக ரோமா மெல்லும் சத்தம் சேர்த்தான். இருட்டில் வழி தவறிய ஆட்டக்காரனுக்கு வீடு பக்கத்தில் இருக்கிறது என்று அந்தச் சத்தம் சொல்லும். யாரோ, வாயை மூடிக்கொண்டு, அவசரமில்லாமல், காய்ந்த ரொட்டியை மெல்லுவார்கள். சோதனைக்கு ஆடிப் பார்த்த கல்லூரிப் பையன் இரண்டாம் நாளோடு நின்றுவிட்டான். வீட்டுக்குப் போன பிறகும் கேட்கிறதாம்.

சத்தம் சரியாக வந்தது. ரொட்டி வரவில்லை. ரோமா மூன்று முறை செய்தான், மூன்று முறையும் அது பிஸ்கட் போலவே இருந்தது. "மூணு வருசம் காஞ்ச ரொட்டிய நான் எங்க போய்ப் பாப்பேன்?" என்று அலுத்துக்கொண்டான். எங்கள் வீட்டில் இருக்கிறது என்று சனோபர் சொன்னாள். அம்மா திங்கள்கிழமை சிர்ச்சிக் ஊரில் சித்தி வீட்டு சுன்னத்து விருந்துக்குப் போனாள். வியாழக்கிழமைதான் வருவாள். செவ்வாய் கொண்டுவந்து புதன் திருப்பிவிடலாம் என்பது திட்டம். செவ்வாய் முழுக்க ரோமா அதைச் சுற்றிச் சுற்றி இருநூற்றுச் சொச்சம் படங்கள் எடுத்தான். வெளிச்சம் போய்விட்டது, இன்னும் கொஞ்சம் காலையில் எடுத்துக்கொள்கிறேன் என்றான். அவளும் சரி என்றாள். பையில் போட்டு எடுத்துப் போயிருக்கலாம். போகவில்லை.

அவள் மொட்டைமாடிக்கு ஏறினாள். தார்த்தளத்தில் ஓர் ஈரத் திட்டு. அதன் ஓரம் உறையத் தொடங்கியிருந்தது. நான்கைந்து கருஞ்சீரகம் ஒட்டிக் கிடந்தன. புறாக்கள் தண்ணீர்த் தொட்டியின்மேல் வயிறு புடைக்க உட்கார்ந்திருந்தன. பின்னாலேயே வந்த ஹோஸியத் அழுதாள். "என்னைய அடி கண்ணு. உங்கம்மா கால்ல வந்து விழறேன்."

"நீங்க விழுந்தா ரொட்டி வந்துருமா? எறங்குங்க, வழுக்கும்" என்றாள் சனோபர்.

கீழே மிர்ஜலோல் ஆறுதல் சொல்லத் தெரியாதவன் செய்வதைச் செய்தான், வேலையைப் பற்றிப் பேசினான். விளையாட்டின் முடிவில் ஆட்டக்காரன் மெழுகுவத்தியைத் தானே ஊதி அணைக்க வேண்டும். அதை மட்டும் மாற்றக் கூடாது என்று கம்பெனி சொல்லியிருந்தது. ஊதுவதற்குப் பதிலாக ரொட்டியை என்ன செய்வது என்று பத்து நாளாகச் சனோபர் எழுதவில்லை. அந்தக் கட்டம் காலியாகவே கிடந்தது.

"தப்பா நெனைக்காத. ஆனா முடிவு கெடச்சிருச்சு பாரு. புறாவுக்குப் போடறான். அவ்வளவுதான். நம்ம ஜனம் புரிஞ்சுக்கும்."

சனோபர் அவனைப் பார்த்தாள். "அண்ணே, உங்க வாயில ஒருநாள் பக்கவாதம் வரும்."

"வரட்டும். எழுதிடறியா?"

"எழுதறேன்."

எழுதினாள். மூன்றே சொற்கள். 

அப்போதுதான் ரோமா திரையைத் திருப்பினான். கறுப்புப் பின்னணியில் ரொட்டி மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. நடுவில் அம்மாவின் முள் அச்சு குத்திய பூ, ஓரத்தில் கருகிய கொப்புளம், அப்புறம் அந்தக் கடி. அவன் பெரிதாக்கினான். பற்களின் வரிசை தெரிந்தது. மேலே இரண்டு முன்பற்களுக்கு நடுவே ஒரு சந்து. துர்ஸுன் அந்தச் சந்து வழியாக விசில் அடிப்பான்.

"பல்லு பூரா இருக்கு. கடிச்ச பள்ளத்த தலைகீழா எடுத்தா பல்லு வந்துரும். என் மச்சான் கோஸ்த்யா பல்லு கட்டற எடத்துல வேல பாக்கறான், அங்க படத்த அப்படியே உருவமா அச்சடிக்கிற மெஷின் இருக்கு. அச்செடுத்து, புது ரொட்டியில கடிக்க வச்சிரலாம்" என்றான் ரோமா.

"யாரக் கடிக்க வைக்கப் போற?" என்றான் மிர்ஜலோல்.

ரோமா கோஸ்த்யாவின் எண்ணைத் தேடி எடுத்தான். 

கோஸ்த்யா ஒல்லி. முகக்கவசத்தைத் தாடையில் தொங்கவிட்டுக்கொண்டு வேலை பார்த்தான். இரண்டு மணி நேரத்தில் பிசுபிசுப்பான திரவத்திலிருந்து ஒரு வாய் மேலெழுந்து வந்தது. மேலே ஆறு பல், கீழே ஆறு பல். கழுவி, நீல வெளிச்சத்தில் காய வைத்துச் சனோபரின் உள்ளங்கையில் வைத்தான்.

"யாரு வாயி இது? நல்ல உறுதியான பல்லு. முன்னாடி சந்து இருக்கு பாருங்க. வரச் சொன்னீங்கன்னா அரை மணி நேரத்துல அடைச்சுக் குடுத்துருவேன்."

"வந்தா சொல்றேன்."

"இளைஞர்தானே?"

"முப்பத்தொண்ணு." இருந்தால், என்று சேர்க்கவில்லை.

வீட்டுக்குப் போகும் யாங்கியூல் வேனில் நெரிசல். மேலங்கிப் பையில் அந்த வாயை வைத்து, மேலே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையின் சூட்டில் பற்கள் சூடேறின. பக்கத்தில் இருந்தவள் என்ன படிக்கிறாய், கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டாள். படிப்பை நடுவில் விட்டுவிட்டேன், கல்யாணம் ஆகவில்லை, என்றாள் சனோபர். அந்தப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டில் அம்மாவின் மாவு, அம்மாவின் புளிப்பு, அம்மாவின் முள் அச்சு. முற்றத்துத் தந்தூர் அடுப்பில் பருத்திக் குச்சி போட்டு மூட்டினாள். நான்கு ரொட்டி சுட்டாள். மூன்று சரியாக வரவில்லை. நாலாவதில் கொப்புளம்கூட அதே இடத்தில் வந்தது. ஆறவிட்டு மடியில் வைத்தாள். பற்களை இரண்டு கைகளிலும் பிடித்து ஓரத்தில் வைத்து அழுத்தினாள். மேலோடு முதலில் எதிர்த்தது, பிறகு முறிந்தது. பற்கள் ஒன்றையொன்று தொட்டபோது கிளிக் என்று ஒரு சத்தம். ஒரு மனிதன் கடிப்பது போலவே இருந்தது. தன் கையால் அண்ணனின் வாயைத் திறந்து மூடியதாகத் தோன்றியதும் அவள் அதை அடுப்புத் திண்டில் வைத்துவிட்டாள்.

கடிபட்ட துண்டு மடியில் கிடந்தது. ரொட்டியைத் தூர எறிய முடியாது. தின்றாள். முற்றத்தில் வேறு சத்தம் எதுவும் இல்லை. தான் மெல்லும் சத்தத்தை, வாயை மூடிக்கொண்டு, அவசரமில்லாமல், அவளே கேட்டுக்கொண்டிருந்தாள்.

பற்களை அடுப்புக் கங்கில் போட்டாள். நாற்றமெடுத்து உருகின. ரொட்டியை மின்னடுப்பின் சிறு சூட்டில் விடியும்வரை காயவைத்து, தேநீர்த் தண்ணீர் தொட்டுத் தடவி, அலமாரிக்கு மேலிருந்து தூசி எடுத்துத் தேய்த்தாள். காலையில் பழைய துணிநாடாவில் கோத்து அதே ஆணியில் மாட்டி, வாசலுக்குப் போய் நின்று திரும்பிப் பார்த்தாள். அதேதான். அம்மா தினமும் வாசலிலிருந்து பார்ப்பாள், ஒரு வாய் துஆ சொல்வாள், அவ்வளவுதான். அப்படித்தான் சனோபர் நினைத்திருந்தாள்.

எனஹான் மதியம் வந்தாள். இரண்டு கைகளிலும் விருந்து மூட்டை, வாயில் விருந்துக் குறை.

"பிலாவுல கறி எண்ணி ஏழு துண்டு. உன் சித்தி புருசன் கைய முகர்ந்தா போதும், கஞ்சத்தனம் நாறும். பிள்ளைக்கு சுன்னத்து வலியவிட சோத்துல கறி இல்லாத வலிதான் அதிகம் இருந்திருக்கும். இத உள்ள வை. சாப்பிட்டியா? மூஞ்சி ஏன் இப்பிடி இருக்கு?"

பேசிக்கொண்டே தலைக்குட்டையை அவிழ்த்தாள், கை கழுவினாள், சுவருக்கு நேராகப் போனாள். வாசலில் நிற்கவில்லை. எக்கி நின்று, ரொட்டியின் கடித்த பள்ளத்துக்குள் விரலை விட்டு, ஓரமாக ஒரு முறை ஓட்டினாள். மகள் வேலைக்குப் போன பிறகு ஒவ்வொரு காலையும் செய்கிற காரியம் போல, யோசிக்காமல், பழகிய கை. பல் பல்லாகத் தொட்டு வந்த விரல் சந்தில் நின்றது.

எடுத்தாள். விரலை மோந்தாள். மறுபடி விட்டாள்.

சனோபர் மூட்டையைப் பிடித்தபடி நின்றாள். சொல்லிவிடலாம் என்று இருந்தது. புறா தின்றுவிட்டது அம்மா, நான்தான் எடுத்துப் போனேன். ஒரே வரி.

எனஹான் திரும்பினாள். முகம் பத்து வயது குறைந்திருந்தது.

"எப்ப வந்தான்?"

"யாரு?"

"என்னடி யாரு. பல்லு அவனது. ரொட்டி புதுசு. பழசத் தின்னு முடிச்சிட்டு, புதுசக் கடிச்சு வச்சிட்டு மறுபடி போயிருக்கான். எப்பன்னு கேக்கறேன்."

இந்த முடிவை சனோபர் யோசித்தே இருக்கவில்லை. மூன்று வருடத்தில் அம்மா குரலை உயர்த்திச் சிரித்ததே இல்லை. இப்போது சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு.

"செவ்வாக்கிழம" என்றாள் சனோபர்.

"நான் போன மறுநாளே! பாத்தியா அவன் அதிர்ஷ்டத்த. எளைச்சிருக்கானா?"

"கொஞ்சம்."

"என்ன சட்ட?"

"சாம்பல் கலர் கோட்டு. கை கொஞ்சம் நீளம்."

"அடுத்தவன் கோட்டா இருக்கும். இருமறானா?"

"காலையில மட்டும்."

"நான் வர்றப்ப பக்கத்து வீட்டுக்காரி வாசல்ல என்னையப் பாத்தா, ஒண்ணும் சொல்லலையே."

"யார்கிட்டயும் சொல்லாதேன்னான். கடன்காரங்க இருக்காங்களாம்."

"எங்க உக்காந்தான்?"

சனோபர் கையை நீட்டி ஜன்னலுக்குக் கீழே மெத்தையின் ஓரத்தைக் காட்டினாள். எனஹான் போய் அங்கே குனிந்து, உட்காராமல், மெத்தையின்மேல் உள்ளங்கையை வைத்தாள். வெகு நேரம் வைத்திருந்தாள். சனோபரும் பார்த்தாள். காட்டியது அவள்தான், கோட்டின் கையை நீளமாக்கியதும் அவள்தான். காலிக் கட்டத்துக்கு வசனம் எழுதுவது அவளுக்கு அத்தனை சுலபம். ஆனால் அந்த நீண்ட கைக்குள்ளிருந்து விரல்கள் வெளியே வந்து தேநீர்க் கிண்ணத்தைத் தேடியது அவள் கண்ணுக்குத் தெரிந்தது; அதை அவள் எழுதவில்லை.

"என்ன சொன்னான்?" அம்மாவின் குரல் இறங்கியிருந்தது. "என்னையக் கேட்டானா?"

"மொத வார்த்தையே அதுதான். அம்மா எங்கன்னுதான் கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

"சித்தி வீட்டுக்குப் போயிருக்குன்னு."

"அறுபது கிலோமீட்டர்." எனஹான் நிமிர்ந்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இருந்தது, அதற்குப் பின்னால் இருந்தது போய்விட்டது. "அறுபது கிலோமீட்டர்ல நான் இருக்கேன். ஒரு போன் பண்ணல நீ. அவனுக்கு ரொட்டி சுட்டுக் குடுத்து, கடிக்க வச்சு, அனுப்பிட்ட. நின்னு பாத்துட்டு இருந்திருக்க."

"வண்டி காத்திருந்துச்சும்மா. அவன் நிக்கல."

"கதவப் பூட்டிருக்கலாம். கால்ல விழுந்திருக்கலாம். கோட்டப் பிடிச்சிருக்கலாம், கைதான் நீளமா இருந்துச்சுன்ற. உன் அண்ணன்தானே? நாய் வந்தாக்கூட ஒரு ராத்திரி வச்சுக்கறோம்."

"அம்மா, நான் ஒண்ணு சொல்றேன், கேளு." இப்போது சொல்ல வேண்டும். புறா. ஹோஸியத். கோஸ்த்யாவின் நீல வெளிச்சம். "அவன் வரல. அந்த ரொட்டி நான்..."

"சொல்லாதேன்னான்னு இப்பதானே சொன்ன." எனஹான் கேட்கவே இல்லை. ஏற்கெனவே மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பிலாவைச் சின்னக் கிண்ணத்தில் அள்ளி, ஏழு துண்டில் தனக்கென்று கொண்டுவந்த இரண்டையும் மேலே வைத்து, துணியில் கட்டினாள். ஒரு முழு மாதுளை. சீனி மிட்டாய் ஒரு பிடி. "ரெண்டு நாள்தானே ஆச்சு. ரெண்டு நாள்ல எவ்வளவு தூரம் போயிருப்பான்? தாஷ்கண்ட் ஸ்டேஷன்ல டிக்கெட்டுக்குக் காத்திருப்பான். எந்தப் பக்கம் திரும்பினான்னு உனக்குத்தான் தெரியும். நீதானே பாத்த."

"எங்கம்மா போய்த் தேடறது?"

"விட்ட எடத்துல தேடு."

மேலங்கியை எடுத்து மகளின் தோளில் போட்டாள், பொத்தானும் போட்டுவிட்டாள், குழந்தைக்குப் போடுவது போல, கழுத்துவரை. சனோபர் மேசைமேல் மிச்சம் இருந்த மூன்று கோணல் ரொட்டிகளை ஒருமுறை பார்த்தாள். அம்மா அதைக் கவனித்தாள்.

"நீ கடிக்க வேணாம். தூரமா போற? அவனக் கூட்டிட்டு வரத்தானே போற."

வாசற்படிவரை கூடவே வந்தாள். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். பனி மூடியிருந்தது, மூன்றாவது வீட்டு மரம் தெரியவில்லை. கட்டுச்சோற்றை மகளின் கையில் திணித்து, விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடக்கிவிட்டாள்.

"சோறு ஆறிடும். சீக்கிரம் போ. அவன் இல்லாம வந்து இந்தக் கதவத் தட்டாத."

"அம்மா."

எனஹான் உள்ளே போனாள். கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது, அதன் பிறகு சாவி இரண்டு முறை திரும்பியது.